கேன் தண்ணி உனக்கு, போர் தண்ணி வேனுக்கா?

வா மாப்ள, உக்காரு. வாசல்ல வெள்ளை ஆம்னி நிக்கிறதப் பாத்தேன். முன்கண்ணாடியில பழனி முருகன், பின்கண்ணாடியில 'தாய்மாமன் துணை'. கண்ணாடியில ஒட்ட மாமன் வேணும், வண்டி வாங்கும்போது கூப்புட மட்டும் மாமன் வேணாமாக்கும். சரி, விடு. 2008 மாடலு, ஒரே ஓனரு, டாக்டர் வச்சிருந்த வண்டி, 65,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்குன்னு புரோக்கர் சொல்லியிருப்பாரு. நீயும் மண்டைய ஆட்டியிருப்ப. விக்க வர்ற பழைய வண்டி பூராம் டாக்டர் வண்டின்னா, நம்ம ஊரு பெரியாஸ்பத்திரியில எதுக்குய்யா விடியக்காலையில இருந்து சீட்டுக்கு வரிசை நிக்கிறாக?

மீட்டரத் திருப்பி வைக்க ஆளு இருக்கு. தேஞ்ச பெடல் ரப்பரத் திருப்பி வளர வைக்க ஆளு கிடையாது. குனிஞ்சு பாரு. பிரேக்கு பெடல்ல இருந்த வரி அழிஞ்சு வழுவழுன்னு கிடக்கு. கிளட்ச் பெடல்ல இடதுபக்க ஓரமே காணோம். ஸ்டேரிங் பளபளங்குது, டிரைவர் சீட்டு ஓரம் நைஞ்சு பஞ்சு எட்டிப் பாக்குது. 65,000-க்கு இம்புட்டுத் தேயாது. ரெண்டு லட்சத்துக்குப் பக்கத்துல ஓடியிருக்கும். இந்த அழகுல பெடல் ரப்பர் புத்தம்புதுசா இருந்துச்சுன்னா இன்னும் கூடுதலா சந்தேகப்படு.

அதுக்காக மூஞ்சியத் தொங்கப் போடாத. நல்ல வண்டிதான். 1984-ல வந்தப்ப வெறும் மாருதி வேன்னுதான் பேரு. 1988-ல ஆம்னின்னு வச்சாக, 2019-ல தயாரிப்ப நிப்பாட்டிட்டாக. அந்தக் காலத்து சினிமாவுல கதாநாயகியக் கடத்தணும்னா இந்த வண்டிதான் வரும். பக்கத்துக் கதவு சர்ருனு தெறக்கும்ல, அந்த வசதிக்காக. உன் வண்டியக் கொண்டு போனா கடத்த முடியாது. அந்தக் கதவத் தெறக்கவே ரெண்டு ஆளு வேணும், அதுக்குள்ள அந்தப் புள்ள பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிரும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். காலையில நீ ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனதப் பாத்தேன். தோட்டத்து போர்ல பிடிச்ச பச்சை வாளித் தண்ணி. ஊத்திப்புட்டு உள்ள போயி, நீ என்னத்தக் குடிச்ச? கேன் தண்ணி. ஏன்னு கேட்டா, போர் தண்ணி உப்பு மாமா, வயித்துக்கு ஆகாதும்ப. உன் வயித்துக்கு ஆகாதது வேன் வயித்துக்கு மட்டும் ஆகுமா?

நம்ம சீமையில பாறையத் தொளச்சாத்தான் தண்ணி. வர்ற தண்ணியில சோப்பு நுரைக்காது. ஆத்தூர் காமராஜர் அணையில இருந்து திண்டுக்கல் டவுனுக்குக் குழா போட்டுக் கொண்டாந்தது சும்மா இல்ல. உன் ஆத்தா வென்னி வைக்கிற அண்டாவ ஒருநாளு கவுத்துப் பாரு, அடியில வெள்ளையா காரை கட்டியிருக்கும். அதேதான் ரேடியேட்டருக்குள்ளயும் கட்டுது. அண்டாவையாவது புளி போட்டுத் தேச்சுப்புடலாம். ரேடியேட்டர்ல இருக்கிறது சன்னமான குழா, கையி நுழையாது. காரை கட்டக் கட்ட தண்ணி ஓட்டம் கொறையும், சூடு ஏறும். சித்திரை வெயில்ல வேடசந்தூர் தாண்டுறதுக்குள்ள எஞ்சின் கொதிச்சு வண்டி நிக்கும். அப்பயும் நீ என்ன செய்வ? ரோட்டோரக் குழாயில இன்னொரு வாளி பிடிச்சு ஊத்துவ.

கூலன்ட் வாங்கு. கலந்து வித்தா அப்புடியே ஊத்து. கலக்காதத வாங்குனா, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில் வாட்டர்ல சரிபாதி சேத்து ஊத்து. அது துரு பிடிக்க விடாது, கொதிக்கிற சூட்டையும் ஏத்திக் கொடுக்கும். அதுக்கு முன்னாடி ரேடியேட்டர் கடையில கழட்டிக் கொடுத்து உள்ள சுத்தம் பண்ணச் சொல்லு. மூடியவும் மாத்து. மூடிதானேன்னு எளக்காரமா நெனைக்காத. உள்ள அழுத்தம் பிடிச்சு வைக்கிறதே அந்த மூடியில இருக்கிற ரப்பரும் ஸ்பிரிங்கும்தான். அது தளந்துருச்சுன்னா தண்ணி சீக்கிரம் கொதிச்சு வெளிய போயிரும். நீ உடனே எஞ்சின் போச்சு எஞ்சின் போச்சுன்னு ஒப்பாரி வைப்ப. சூடா இருக்கையில மட்டும் மூடியத் தொறந்துறாத. உன் மூஞ்சிய நம்பித்தான் என் பொண்ணக் கட்டிக் கொடுத்துருக்கேன்.

இன்னொண்ணு. தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டிப்போட்டா வண்டி கூலா ஓடும்ணேன்னு ஒரு மெக்கானிக்கு சொல்லுவாரு. ஊருக்கு ஒருத்தர் இருக்காரு, எல்லாருக்கும் இதையேதான் சொல்றாரு. கேக்காத. எஞ்சின் குளுந்து கிடக்கையில வால்வு மூடியிருக்கணும், வெரசா சூடேறணும், அப்பறம்தான் தொறக்கணும். அதக் கழட்டிட்டா எஞ்சின் பச்சையாவே ஓடும், பெட்ரோலக் குடிக்கும். அடைச்சுக் கிடக்கிறது ரேடியேட்டரு, கழட்டி எறியிறது தெர்மோஸ்டாட்டு. பல்லு வலிக்குக் காதறுத்த கதை.

சீட்டத் தூக்கிப் பாத்தியா? அட, சாவியத் தேடி இல்ல. இந்த வண்டிக்கு முன்னால மூக்கு இல்ல, பானெட்டு இல்ல. எஞ்சின் இருக்கிறதே முன் சீட்டுக்கு அடியில. 796 சிசி, மூணு சிலிண்டரு. ஊரே பானெட்டத் தொறந்து பாக்குது, நீ சீட்டத் தூக்கணும். அதுக்குச் சோம்பல் பட்டே இந்த வண்டிக்காரங்க எஞ்சின் மூஞ்சியவே பாக்குறதில்ல. ஞாயித்துக்கிழமை கறி எடுத்துட்டு வந்ததும் ஒருதடவ தூக்கு. ஆயில் மூடியத் தொறந்து உள்பக்கத்தப் பாரு. பால்காப்பி நிறத்துல கொழகொழன்னு இருந்தா ஆயிலும் தண்ணியும் ஒண்ணு சேந்துருச்சுன்னு சந்தேகம் வரணும். கேஸ்கெட் போயிருக்கலாம். கூலன்ட் கொறையுது, கீழ ஒழுகல, பின்னால வெள்ளைப் புகை நிக்காம வருதுன்னா அந்தச் சந்தேகம் கெட்டியாகும். நீலப் புகைன்னா அது வேற, ஆயிலு எரியுது. ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சிருக்கும். நீலத்துக்கு ஆயிலு அளவப் பாத்து ஊத்திக்கிட்டே கொஞ்ச நாளு ஓட்டலாம். வெள்ளைக்கு வீடு பக்கந்தானேன்னு ஓட்டுனா ஹெட்டு வளஞ்சு லேத்துக்குப் போகும்.

டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு அந்த 'டாக்டருக்கு' போனப் போட்டுக் கேளு. தெரியலம்பாரு. அப்ப மாத்தவே இல்லன்னு வச்சுக்கிட்டு நீ மாத்திரு. அது ரப்பரு. அறும்போது சொல்லிட்டு அறாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெங்காய மூட்டை ஏத்திக்கிட்டுப் போறப்ப அறுந்துச்சுன்னா, வெங்காயத்த உரிக்காமயே கண்ணு கலங்கும்.

அந்தக் கதவுக்கு வர்றேன். பூட்டுக்குப் பேர்போன ஊரு இது. 2019-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு. அந்த ஊருக்காரன் வேன் கதவ நீ தேங்கா நாருக் கயித்துல கட்டி வச்சிருக்க. சேதி வெளிய போனா மானம் போயிரும். பூட்டுல கோளாறு இல்லய்யா, உருளை தேஞ்சுருச்சு. மேல, நடுவுல, கீழன்னு தண்டவாளம் இருக்கு. கீழ்த் தண்டவாளத்துல உன் புள்ளைக கொட்டுன கடலைத் தொலி, மணலு, போன வருசத்துப் பஞ்சாமிர்தம் எல்லாம் பத்திரமா இருக்கு. சுத்தமாக் கூட்டி எடுத்து, துடைச்சு, அப்பறம் கிரீஸ் வையி. மண்ணோட சேத்துக் கிரீஸ் வச்சா அது கிரீஸ் இல்ல, சாணக்கல்லு. உருளை தேஞ்சுதான் கதவு தொங்கும். கதவு தொங்குனா பூட்டுக் கொக்கி நேருக்கு வராது. நீ ஓங்கி அறைவ, அப்பறம் பூட்டும் போகும். இருபக்கமும் உருளைய மாத்து, பூட்டத் தொடாத.

பஞ்சாமிர்தம்னதும் ஞாபகம் வருது. பழனியில இருந்து வாங்கியாந்த டப்பா சீட்டுக்கடியில சாஞ்சு ஊத்தினா எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால எலி வரும், எலி வந்தா ஒயரு போகும். மிதியடிய எடுத்துட்டுத் தகரத்தையும் ஒருதடவ தட்டிப் பாரு. ஈரத்தோட போட்டு மூடி வச்சதுல துரு தின்னிருக்கும். காலு ரோட்டுல பட்ட பெறகு பாத்துப் பிரயோசனமில்ல.

கியரு போட்டுக் கிளம்புறப்ப அடியில டங்குன்னு ஒரு சத்தம் வருதே, அது சாமி உத்தரவு இல்ல. எஞ்சின் முன்னால, இழுக்குறது பின்சக்கரம். நடுவுல ஓடுற ஷாஃப்ட்டுல கிராஸ் தேஞ்சா அப்புடித்தான் தட்டும். பின்னால பட்டையும் புஷ்ஷும் பாக்கணும். எட்டுப் பேரு போற வண்டியில காதுகுத்துக்குப் பதினாலு பேரு, கெடா, அண்டா எல்லாம் ஏத்துனா பட்டை என்ன செய்யும்?

அத ஏத்திக்கிட்டுக் கொடைக்கானலுக்குப் போறேங்குற. வத்தலக்குண்டுல இருந்து 7,000 அடிக்கு ஏறணும். மொதல்ல சிறுமலைக்குப் போயிட்டு வா, 18 கொண்டை ஊசி வளைவு, கிட்டக்க இருக்கு. ஏறுறப்ப எஞ்சின் கத்துது, வண்டி நகரல, கருகுன வாடை வருதுன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சுது. திரும்பிரு. எறங்குறப்பதான் புத்தி வேணும். ஏறுன கியர்லயே எறங்கு. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்கயே மிதிச்சுக்கிட்டு வந்தா டிரம்மும் டிஸ்க்கும் காயும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தக் குடிக்கிற சாதி. பழசானா அந்த ஈரம் கொதிச்சு ஆவியாகி, பெடலு பொத்துனு உள்ள போகும். ரெண்டு வருசத்துக்கு ஒருதடவ மாத்து. டயரையும் பூவு தேயலன்னு நம்பாத. பக்கவாட்டுல நாலு நம்பரு இருக்கும். 2316-ன்னு போட்டிருந்தா 2016-ல 23-ஆவது வாரம் செஞ்சது. அதுக்கு வயசு அதிகம், வெடிப்பு விட்டுருக்கும். இந்த வண்டிக்கு மூக்கு இல்லன்னு சொன்னேன்ல, மோதுனா மொத ஆளு உன் முட்டிதான். பெல்ட்டப் போடு.

ஆர்.சி.ய எடு, பாப்போம். 2008 மாடலுக்கு 2023-லயே 15 வருசம் முடிஞ்சுது. புதுப்பிச்சிருக்காகளா? 600 ரூவாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருசம் தாண்டுன காருக்கு 2025-ல 10,000-ன்னுட்டாக. அடுத்த முறை 2028-ல நீ அந்த வரிசையிலதான் நிப்ப. அதோட பசுமை வரி வேற. இப்பவே உண்டியல்ல போட ஆரம்பி. சீட்டுக்கு உறை தைக்கவும் ஹாரன் மாத்தவும் நீ கொடுத்த காசுல பாதியே போதும்.

கடைசியா ஒண்ணு. சூட்டு முள்ளு வேலை செய்யலன்னு சொன்னீல்ல. அத மாத்துற வரைக்கும் உன் அத்தைய முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ. எஞ்சின் அவளுக்கு அடியிலதான் இருக்கு. கொஞ்சம் சூடேறுனாலும் சொல்லிருவா. நீ பாட்டு கேட்டுக்கிட்டு வர்றப்ப புதுசா ஒரு சத்தம் வந்தாலும் அவதான் மொதல்ல பிடிப்பா. கல்யாணமான நாள்ல இருந்து என் பேச்சுல எது புதுசு, எது பொய்யின்னு கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கிறவ. அவ எறங்குன்னா மறுபேச்சுப் பேசாம எறங்கி சீட்டத் தூக்கு. என்ன, நான் சொன்னேன்னு மட்டும் அவ காதுல போட்டுறாத.