புளியந்தோப்பு வாசற்படிகள்: ஓர் அடுக்கியல் ஆய்வு

கீழடியில் பழைய காலத்தைப் பார்க்க மண்ணைத் தோண்ட வேண்டும். புளியந்தோப்பில் அந்தச் சிரமம் இல்லை. எந்த வீட்டு வாசலிலும் நின்று கொஞ்சம் குனிந்தால் போதும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, பின்னி மில்லில் வேலை பார்த்தவர் கட்டிய ஒரு வீடு. மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது என்று அந்த வீட்டு ஆயா சாட்சி சொல்கிறார். இன்று ஒரு படி இறங்க வேண்டும். முதற்படி எப்போது புதைந்தது என்று கேட்டால், "மில்லு மூடுறதுக்கு முன்னாடியே போச்சுபா" என்கிறார். மில் மூடியது 1996-இல். எனவே இப்பகுதி வரலாற்றை மி.மு., மி.பி. என்று பிரிப்பதே முறை.

புதைவுக்குக் காரணம் எளிது. தெருவுக்கு ஒரு தடவை தார் போட்டால் சுமார் 4 செ.மீ. ஏறும். படியின் உயரம் ஏறக்குறைய 16 செ.மீ. ஆக, நாலு தார் ஒரு படியை விழுங்கும். தேர்தல் நெருங்கும்போது இவ்விதி சற்றுச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது.

துணைச் சான்றுகளும் உண்டு. வெளிச்சுவரில் இருக்கும் ஈ.பி. மீட்டரை ஒரு காலத்தில் அண்ணாந்து பார்த்துக் கணக்கெடுத்தார்கள். இப்போது குனிந்து எடுக்கிறார்கள். தெருப்பக்க ஜன்னலில் முன்பு முகம் தெரிந்தது. இப்போது கால்தான் தெரிகிறது. சீட்டுப் பணம் கேட்டு வருபவரைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டு, ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம்.

தெரு ஏறினால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ரப்பீஸ் கொட்டித் தரையை ஏற்றுவார். தரை ஏறினால் கதவின் அடியை அறுக்க வேண்டும். இருமுறை அறுபட்ட கதவில் தாழ்ப்பாள் முட்டிக்கு வந்துவிடுகிறது. நிலை மட்டும் அதே உயரத்தில் நிற்பதால், பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தலை குனிந்தே நுழைந்தார்கள். மரியாதை தெரிந்த சம்பந்தம் என்று இரு தரப்பிலும் பேச்சு.

அடுத்து வெள்ளம். மழைத் தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று வெளியூர் அறிஞர்கள் நினைப்பதுண்டு. தவறு. வாசலில் செங்கல் வைத்து முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டியாயிற்று. ஓட்டேரி நல்லா என்னும் ஓடை போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயே நிறைந்து நிற்கும்போது, சாக்கடைத் தண்ணீர் வந்த வழியே திரும்பும். அதற்கு உகந்த வாசல் கக்கூஸ். பீங்கானில் குபுக் குபுக் என்று சத்தம் கேட்டதும் மணல் மூட்டையை அதன்மேல் வைத்து அழுத்துகிறார்கள். அரிசி பரண்மேல் போகிறது, சிலிண்டர் கட்டில்மேல் போகிறது, ஃபிரிட்ஜின் நாலு காலுக்கும் செங்கல். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இதே வரிசைதான். செங்கல் மட்டும் கூடியிருக்கிறது. வாசல் வரப்பு, உள்ளே வந்த தண்ணீர் வெளியே போய்விடாமல் காக்கும் வேலையைச் செய்தது.

தெரு மேலும் ஏறாமலிருக்க, பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். இதற்குத் தெருவில் 'மில்லிங்' என்று பெயர். மில் போன ஊருக்கு மில்லிங் வந்தது என்பதைத் தவிர, புதைந்த படிக்கு இதில் பலன் இல்லை. புதுத் தார் பழைய மட்டத்தைத் தாண்டாது, அவ்வளவே. படி கீழேதான் இருக்கும்.

மிச்சமிருப்பது ஜாக்கி. வரிசையாக ஜாக்கி கொடுத்து வீட்டையே மூன்று நாலு அடி தூக்கிவிடுகிறார்கள். தனி வீடென்றால் சரி. இங்கே பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். ஒரு வீட்டைத் தூக்க வரிசை முழுக்கச் சம்மதிக்க வேண்டும். மற்றவர்கள் அரை மனதாக ஒப்புக்கொண்டாயிற்று. மூலை வீட்டுக்காரர் மட்டும் மறுக்கிறார். அவர் வீட்டை இடித்து உயரமாகக் கட்டி முடித்துவிட்டார். அவர் மாடித் தண்ணீர் விழுகிற குழாய் இந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது.