டெட்ராய்ட்காரன்

1980களின் தொடக்கத்தில், பெரம்பூரில் எங்கள் குழு அவருக்கு வைத்திருந்த பெயர் 'டெட்ராய்ட்காரன்'. டெம்ப்டேஷன்ஸ் பாடினாலும் சுப்ரீம்ஸ் பாடினாலும், மார்வின் கே பாடினாலும் ஸ்டீவி வொண்டர் பாடினாலும் அடியில் பேஸ் கிட்டார் வாசிப்பது பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பதுவரை எங்கள் காது துப்புத் துலக்கியிருந்தது. ஆள் யார் என்பதற்கு மட்டும் துப்பே இல்லை. மோடவுன் கம்பெனி இசைத்தட்டில் பாடியவர் பெயர் உண்டு, எழுதியவர் பெயர் உண்டு, தயாரித்தவர் பெயரும் உண்டு. வாசித்தவர் பெயரைப் போடும் வழக்கம் 1971 வரை அங்கே கிடையாது.

இன்று என் தங்கை மகனைக் கேட்டால் ஜாதகமே எழுதிக் கொடுப்பான். ஜேம்ஸ் ஜேமர்சன். பிறந்தது 1936, தென் கரோலினாவில் எடிஸ்டோ தீவு. டெட்ராய்ட்டுக்கு வந்தது 1954. முதலில் வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். பிறகு 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். அதன் செல்லப்பெயர் ஃபங்க் மெஷின். கம்பி லா பெல்லா, தடித்த ஃப்ளாட்வவுண்ட். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மீட்டும். அந்த விரலுக்கும் ஒரு பெயர், ஹூக். பிரிட்ஜ் மூடிக்குள்ளே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. இத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "ஸ்பாஞ்ச் என்ன தடிமன்னுதான் கரெக்டா தெரியல மாமா" என்று வருத்தப்படுவான்.

எங்கள் வருத்தம் வேறு. பேஸ் காதிலேயே விழாது.

பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் இருந்த காலம். 60 நிமிட டிடிகே கேசட்டில், பக்கத்துக்குப் பத்துப் பாட்டு அடங்கும். வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிகார்டர். பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அது சக்திக்கு மீறிய வேலை. அடிச்சுரத்தை விழுங்கிவிட்டு மேற்சுரங்களை மட்டும் வெளியே அனுப்பும். விழுங்கியதை மூளை தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஆக, நாங்கள் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு டெட்ராய்ட்டில் வாசித்தது, ஒரு பங்கு பெரம்பூரில் ஊகித்தது.

மோடவுன்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மிக்ஸ் செய்த பாட்டைக் கார் ரேடியோ அளவுச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்து, அதிலும் எடுபடுகிறதா என்று சோதிப்பார்கள். கார் செய்கிற ஊர். அந்தக் கவலை நியாயம்தான். எங்கள் டேப் ரிகார்டரைத்தான் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

குரு என்று சொல்லத்தக்கவர் ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் டான்ஸுக்கும் நியூ இயர் டான்ஸுக்கும் பேஸ் வாசித்தவர். அவர் வீட்டு ரிகார்டு பிளேயர்தான் எங்கள் ஆய்வுக்கூடம். 33 வேகத் தட்டை 45இல் ஓடவிடுவார். சட்ஜம் ஏறக்குறைய மத்திமத்துக்கு ஏறிவிடும். பாடகர் கீச்சுக் குரலில் அலறுவார். ஆனால் அடியில் புதைந்து கிடந்த பேஸ் மேலே வந்துவிடும். வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுவதால் காதில் விழுந்ததை விரல் பிடிப்பதற்குள் அது ஓடியிருக்கும். கேட்க வேண்டுமானால் வேகம், புரிய வேண்டுமானால் நிதானம். இரண்டையும் சேர்த்துத் தரும் பொத்தான் அந்தப் பெட்டியில் இல்லை.

முதல் பாடம் 'மை கேர்ள்', 1964இல் டெம்ப்டேஷன்ஸ் பாடியது. ஆரம்பத்தில் பேஸ் முன்னால் வரும்: சட்ஜம், கீழ்ப் பஞ்சமம், மறுபடி சட்ஜம். அவ்வளவுதான். அதன் மேல் ராபர்ட் வைட்டின் கிட்டார் ச ரி க ப த ச என்று படியேறும். அசல் மோகனம். பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மோகனத்துக்கு எதுக்குப்பா இவ்வளவு கரண்ட்?" என்றார்.

இரண்டே சுரம் என்றால் இளவயதுக் கை சும்மா இருக்காது. இடைவெளி கண்ட இடமெல்லாம் ஏதாவது ஒன்றைத் திணிக்கத் துடிக்கும். அங்கிள் விடமாட்டார். "என்ன மேன், எல்லா எடத்தையும் நீயே ரொப்பிட்டா மத்தவன் எங்க நிப்பான்?"

சரி என்று அடங்கினால், அடுத்த வாரம் அவரே போட்டுக் காட்டியது ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்'. 1967. அதில் டெட்ராய்ட்காரன் ரொப்பு ரொப்பென்று ரொப்புகிறான். அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குகிறான், தாளம் விழுவதற்கு முன்பே தாவிவிடுகிறான், நடுநடுவே விரலை அழுத்தாமல் தட்டிய ஊமைச் சுரங்கள் வேறு.

"இவன் மட்டும் ரொப்பலாமா அங்கிள்?"

"அவன் ரொப்பறது வேற மேன்."

வேறு என்றால் எப்படி வேறு என்று கேட்கக் கூடாது. பெரம்பூரில் நடந்தாலும் குருகுலம் குருகுலம்தான்.

புதுக் கம்பி வாங்கக் காசு கிடையாது. பழையதைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைப்போம். விரல் அழுக்கு இறங்கிச் சில நாளைக்குக் கம்பி கணீரென்று பேசும். ஜேமர்சனோ கம்பி அறுந்தால் ஒழிய மாற்றியதில்லை என்கிறார்கள். ஃபங்க் அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது என்பது அவர் கட்சியாம். இன்று அவர் பெயரைச் சொல்லியே கம்பி செட் விற்கிறது. தொழிற்சாலையிலேயே பெயின்ட்டைச் சுரண்டி, துருவேற்றிப் பழசாக்கிய கிட்டாருக்குப் பளபளக்கும் கிட்டாரைவிட விலை அதிகம். வசதி இல்லாதபோது அழுக்கை விரட்டினோம். வசதி வந்ததும் அதைக் காசு கொடுத்து வரவழைக்கிறோம். மருமகனுக்குக் கம்பி வந்திறங்கிய அன்று என் தங்கை பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாலே கம்பிதானா? கிட்டார் பின்னாடி வருதா?"

1983இல் மோடவுனின் 25ஆம் ஆண்டு விழா கலிபோர்னியாவில் பசடேனாவில் தடபுடலாக நடந்தது. ஜேமர்சனுக்கு மேடையில் இடமில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். வயது 47. அந்த டிசம்பரில் நாங்கள் ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸில் 'மை கேர்ள்' வாசித்தோம். டெட்ராய்ட்காரன் போய்விட்டது தெரியாது. கம்பெனி 1972இலேயே லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிவிட்டது, அவரும் பின்னாலேயே டெட்ராய்ட்டை விட்டுப் போனார் என்பதும் தெரியாது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வாசித்தவர்கள் பெயர்களை உறையில் போட்டுத்தான் இருந்தது. பெரம்பூருக்கு வந்தது உறை இல்லாத கேசட். ஆலன் ஸ்லட்ஸ்கி 1989இல் எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்த பிறகுதான் டெட்ராய்ட்காரனுக்குப் பெயர் வந்தது. அப்போது எங்கள் குழுவில் பாதிப் பேர் வங்கியில் இருந்தார்கள், மீதிப் பேர் வளைகுடாவில்.

மருமகன் கற்றுக்கொள்ளும் முறை வேறு. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் ஒரு ஆப் அதைப் பாட்டு, டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று கூறுபோட்டுத் தருகிறது. பேஸை மட்டும் எடுத்து, சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓடவிடலாம். எந்த ஃபிரெட்டில் எந்த விரல் என்று திரையில் கலர் கலராகப் புள்ளி விழும். வாசித்து முடித்தால் மதிப்பெண். அங்கிள் வீட்டு வேக–நிதானத் தகராறு ஒரு வழியாகத் தீர்ந்தது. இவ்வளவையும் பையன் கேட்பது மொபைல் ஸ்பீக்கரில். அது எங்கள் டேப் ரிகார்டர் ஸ்பீக்கரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அறிவியல் எவ்வளவு வளர்ந்தாலும் மூளைக்கு ஊகிக்கும் வேலை குறையவில்லை.

ஒருநாள் ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' வாசித்துக் காட்டினான். ஒரு சுரம் பிசகவில்லை.

"பாடறவர் குரலே காணோமேடா?"

"வோக்கல் மியூட்ல இருக்கு மாமா."

"பாட்டை முழுசாக் கேட்டிருக்கியா?"

"தேவைப்படல."

என் தலைமுறைக்கு இப்படி ஒரு வாய்ப்பு எப்போதாவதுதான் அமையும். தொண்டையைச் செருமிக்கொண்டேன். பேஸ் என்பது பாட்டுக்குத் துணை, பாடகர் மூச்சு வாங்கும் இடம் பார்த்துத்தான் ஜேமர்சன் நுழைவார் என்று ஆரம்பித்தேன்.

"ஜேமர்சனுக்கும் வோக்கல் கேட்டிருக்காது மாமா," என்றான். "அவங்க முதல்ல மியூசிக் ட்ராக் எடுத்துடுவாங்க. சிங்கர் அப்புறம் வந்து பாடுவாங்க. பல நாள் அவர் முன்னாடி வெறும் கார்டு ஷீட்தான்."

சொன்னது சரி. மோடவுனில் பெரும்பாலும் அதுதான் நடைமுறை. அந்த விவரம் இருக்கும் புத்தகத்தை அவனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததே நான்தான்.

பாட்டு கேட்கவில்லை, சரி. அப்படியானால் அவருக்கு என்னதான் கேட்டது? வெஸ்ட் கிராண்ட் புலவார், 2648ஆம் எண் வீடு. வாசலில் 'ஹிட்ஸ்வில் யுஎஸ்ஏ' என்று பலகை. உள்ளே, தொங்கும் ஒயர்களால் 'பாம்புக் குழி' என்று பெயர் வாங்கிய சின்ன ஸ்டூடியோ. அதற்குள் டிரம்ஸில் பென்னி பெஞ்சமின், கீபோர்டில் எர்ல் வான் டைக், மூன்று கிட்டார்கள், டாம்பரினோடு ஜாக் ஆஷ்ஃபோர்டு. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். பென்னியின் அடி எங்கே விழும் என்று தெரிந்த ஆளால்தான் அந்த அடிக்கு முன்னால் துணிந்து தாவ முடியும். ஊமைச் சுரங்கள் ஊமையாக இருந்ததும் பக்கத்தில் பேச ஆள் இருந்ததால்தான். அங்கிள் சொன்ன 'வேற' இதுவாக இருக்கலாம்: மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ரொப்புவது. ஆப் பிரித்துத் தரும் பேஸ் வரி, சுவரில் சாய்ந்திருப்பவரைச் சுவரை எடுத்துவிட்டுப் படம் பிடித்த மாதிரி.

"ஒரு டிரம்மரைப் பிடிடா," என்றேன்.

"ஆப்லயே டிரம்ஸ் இருக்கே மாமா."

"அது உன்னைக் கேக்காதே."

யோசித்தான். அடுத்த பிளாக்கில் ஒரு கல்லூரிப் பையன் அகப்பட்டான். டிரம்ஸ் கொண்டுவந்தால் அசோசியேஷன் விடாது என்பதால் கஹோன் பெட்டியில் உட்கார்ந்து தட்டினான். முதல் வாரம் இருவரும் பாட்டின் முடிவுக்கு வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கிய பிறகு இடைவெளி குறைந்தது. மருமகன் சில சுரங்களை அவனாகவே விட்டுவிட்டான். ஆப் மதிப்பெண்ணைக் குறைத்தது.

ஒரு மாலை கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்தார். ஓய்வு பெற்ற அரசு அலுவலர். தங்கை மன்னிப்பையும் காபியையும் தயாராக வைத்திருந்தாள். தாழ்ந்த சுரங்களுக்குத் தளமும் சுவரும் பொருட்டில்லை. மற்றதெல்லாம் கான்கிரீட்டில் நின்றுவிட, பேஸ் மட்டும் அவர் படுக்கையறைக்கு இறங்கியிருக்கிறது. காபியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"என்ன பாட்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. டொம் டொம்முனு இது ஒண்ணுதான் கேக்குது. வாசிக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா தெனமும் ஒரே எடத்துல தம்பி முந்திடறான். அதை மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க. அடுத்து அந்த எடம் வருதேன்னு தூக்கம் வரமாட்டேங்குது."

அவர் போனதும் மூன்று பேரும் அந்த இடத்தைத் தேடினோம். ஆப்பில் எல்லா இடத்துக்கும் பச்சைப் புள்ளிதான். மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழ் வீட்டுக்குக் கிளம்பினான்.