முதுகில் எண் குத்திக்கொண்டவர்

ஜாக் அண்ட் ஜில் நடனப் போட்டியில் ஜோடி யாரென்று தளத்தில் ஏறும்வரை தெரியாது. பாட்டு எதுவென்று அது ஒலிக்கும்வரை தெரியாது. ஒத்திகைக்கு வழியே இல்லாத இந்தப் போட்டிக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து நிற்பவரே முதல்முறைக்காரர். அமெரிக்காவில் பெரும்பாலான வார இறுதிகளில் ஏதாவதொரு ஓட்டலின் விழாக் கூடத்தில் இவரைக் காணலாம். ஆண், பெண், இருபது வயது, அறுபது வயது என்ற பேதமெல்லாம் இந்த இனத்தில் கிடையாது.

ஆட்டத்தின் பெயர் வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் 1920களின் கடைசியில் ஆடத் தொடங்கிய லிண்டி ஹாப் இதற்குப் பாட்டி முறை. 1926இல் திறந்த சவாய் பால்ரூம்தான் அந்தப் பாட்டியின் பிறந்த வீடு. 1930களில் டீன் காலின்ஸ் போன்ற ஆட்டக்காரர்கள் அதை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோன பிறகு, வட்டமாகச் சுழன்ற ஆட்டம் மெல்ல மெல்ல ஒரு நீளப் பட்டைக்குள் போவதும் வருவதுமாக மாறியது. பட்டைக்கு ஸ்லாட் என்று பெயர். சினிமா காமிராவுக்குள் அடங்குவதற்காகப் பட்டை வந்தது என்று ஒரு கதை, நெரிசலான கிளப்பில் இடம் பற்றாமல் வந்தது என்று இன்னொரு கதை. எதைச் சொல்பவரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொல்வார். 1988இல் கலிபோர்னியா இதைத் தன் மாநில நடனமாக அறிவித்தது. ஜாக் அண்ட் ஜில் முறையை 1950களில் அங்கே ஏற்படுத்தியவர் என்ற பெருமை ஜாக் கேரி என்பவருக்கு உண்டு. ஜாக் அண்ட் ஜில் என்பது, ஆண்தான் ஆட்டத்தை நடத்துவான், பெண்தான் தொடர்வாள் என்றிருந்த காலத்தின் பெயர். இப்போது லீடராகவோ ஃபாலோயராகவோ யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம்.

முதல்முறைக்காரர் தானாக உருவாவதில்லை. யாரோ ஒருவர் உருவாக்கிவிடுகிறார். எட்டுப் பத்து மாதமாக வாரம் ஒரு வகுப்பு, வகுப்பு முடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் எல்லோரோடும் சேர்ந்த ஆட்டம் என்று இவர் நிம்மதியாகத்தான் இருந்தார். அப்போது ஒரு கூட்டாளி, “ஒரு அனுபவத்துக்காகத்தானே, பெயரைக் கொடுத்துப் பாரேன்” என்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு நாலைந்து சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் ‘சும்மா’ என்றால் தீர்ந்தது. அந்தச் சும்மாவுக்கு ஆகும் செலவு: மூன்று நாளைக்கு நுழைவுச் சீட்டு, ஓட்டல் அறை, பயணச் செலவு, புது ஜோடு, தனியாகப் போட்டிக் கட்டணம். கட்டணம் கட்டிய நிமிடத்திலிருந்து யார் கேட்டாலும் “சும்மாதான் பெயர் கொடுத்திருக்கிறேன்” என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

பிறகு தயாரிப்பு. ஜோட்டின் அடிப்பாகம் மெத்தென்ற தோலாக இருந்தால்தான் தளத்தில் வழுக்கிக்கொண்டு திரும்ப முடியும். அந்தத் தோலைச் சுரண்டிவிட ஒரு சின்னக் கம்பி பிரஷ் உண்டு. முதல்முறைக்காரர் முதலில் கைதேர்வது இந்த பிரஷ் வேலையில்தான். இரவு ஒரு மணிக்குச் சாம்பியன்களின் வீடியோக்களைப் பார்க்கிறார். பதினைந்து வருடம் ஆடியவர்கள் ஒரு தோள் குலுக்கலில் செய்வதை, நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். வீட்டில் ஜோடிக்கு ஆள் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பழகுகிறார். இது நகைப்புக்குச் சொன்னதில்லை. கைவழியாக வரும் இழுவையை உணரக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துப் பழகச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பெட்டி நல்ல ஃபாலோயர்; காலை மிதிக்காது, முகம் சுளிக்காது. ஒருமுறை சற்று வேகமாக இழுத்ததில் கதவு திறந்து, ஊறுகாய் பாட்டில் உருண்டு வந்தது மட்டும்தான் அதன் பதில். இவ்வளவுக்கும் மேல், போட்டிக்கென்று ஒரு ‘அயிட்டம்’ வைத்துக்கொள்கிறார்: ஜோடியை மூன்று சுற்றுச் சுழற்றி நிறுத்துவது. அந்தச் சுற்றுக்குப் பெட்டி ஒத்துழைக்கவில்லை. ஆகவே அயிட்டம் மனத்துக்குள்ளேயே முழுமை அடைகிறது.

போட்டி நாள் வருகிறது. ஓட்டல் கம்பளத்தின்மேல் பலகைகளைக் கோத்துத் தளம் போட்டிருக்கிறார்கள். பெயர் பதிந்த மேசையில் ஒரு தாளும் நான்கு ஊக்குகளும் கொடுக்கிறார்கள். தாளில் எண் மட்டும்: 414. அதை முதுகில் குத்திக்கொள்ள வேண்டும். தன் முதுகில் தானே குத்திக்கொள்ளும் வித்தையை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கழிப்பறைக் கண்ணாடி முன்னால் கையை வளைத்து, சட்டையோடு பனியனையும் சேர்த்துக் குத்திக்கொண்டு, கடைசியில் வெளியே வந்து முன்பின் தெரியாத ஒருவரிடம் முதுகைக் காட்டுகிறார். அந்த ஆள் நான்கு மூலையையும் நேராக இழுத்து, ஊக்கைச் சதையில் படாமல் போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புகிறார். அன்று முழுக்க இவருக்குக் கிடைத்த மிகச் சரியான ஜோடிப் பொருத்தம் அதுதான்.

தளத்துக்கு வெளியே லீடர்கள் ஒரு வரிசை, ஃபாலோயர்கள் ஒரு வரிசை. வரிசையில் நிற்கும்போது இந்த இனத்துக்கென்றே சில அசைவுகள் உண்டு: உள்ளங்கையை பேண்டில் துடைப்பது, மூன்றாவது புதினா மிட்டாயை வாயில் போடுவது, எதிர் வரிசையில் நன்றாக ஆடும் ஒருவரைக் கண்டுபிடித்து அவருக்கும் தனக்கும் நடுவே எத்தனை பேர் என்று எண்ணுவது. எண்ணிப் பயனில்லை. எல்லோரும் தளத்தில் ஏறி நின்ற பிறகு, “லீடர்கள் கையைத் தூக்குங்கள், ஃபாலோயர்கள் ஏழு பேர் தள்ளிப் போங்கள்” என்று அறிவிப்பாளர் சொல்வார். ஏழு எண்ணுவதில் எப்போதும் ஒருவர் தவறுவார். அவரால் ஒரு லீடருக்கு இரண்டு பேரும் ஒருவருக்கு யாருமே இல்லாமலும் போய், மறுபடி எண்ணுவார்கள். கை தூக்கியபடியே நிற்கும் லீடர்களைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தவர்கள் என்று தோன்றும்.

முதல் சுற்றில் நடுவர்கள் ஜோடியைப் பார்ப்பதில்லை. சிலர் லீடர்களை மட்டும், சிலர் ஃபாலோயர்களை மட்டும் பார்க்கிறார்கள். தாளத்தோடு இருக்கிறாரா, உடம்பும் காலும் முறையாக நகர்கின்றனவா, ஜோடியோடு சேர்ந்து ஆடுகிறாரா என்ற மூன்றுதான் கேள்வி. தளத்தில் பன்னிரண்டு ஜோடி, ஒரு பாட்டு சுமார் ஒன்றரை நிமிடம், மூன்று பாட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு நடுவரின் பார்வை ஒருவர் பங்குக்கு ஒரு பாட்டுக்கு ஏழரை விநாடி வரும். ஏழரை என்ற எண்ணைத் தமிழ்ச் சாதகக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

முதல் பாட்டு மெதுவான ப்ளூஸ். எதிரே நிற்பவரும் முதல்முறைக்காரர். கையைப் பிடித்ததும் தெரிந்துவிடுகிறது, இரண்டு கையும் ஐஸ். பெயர்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், அந்த விநாடியே மறந்துவிடுகிறார்கள். நிதானமாகத் தொடங்க வேண்டிய பாட்டில் பத்தாவது விநாடியில் அயிட்டம் இறங்குகிறது. மூன்று சுற்று என்பது இவருடைய எண்ணம். எதிரே இருப்பவர் ஒன்றரைச் சுற்றில், இதுவே போதும் என்று முடிவுசெய்து நின்றுவிடுகிறார். ஒன்றரைச் சுற்றின் கணக்குப்படி அவருடைய முதுகு இவருக்கு நேரே இருக்கிறது. இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல நான்கு தட்டு நிற்கிறார்கள். நடுவர் கையில் பேனா அசைகிறது.

இரண்டாவது பாட்டு, புது ஜோடி; வேகமான பாப். இந்த ஆட்டத்தின் அடிப்படை அடி ஆறு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு என்று இரண்டு நடை. பிறகு மூன்றுக்கும் நான்குக்கும் சேர்த்து மூன்று சிற்றடி. ஐந்துக்கும் ஆறுக்கும் சேர்த்து மூன்று சிற்றடி. கடைசியில் வரும் அந்த மூன்றுக்கு ஆங்கர், அதாவது நங்கூரம், என்று பெயர். பட்டையின் நுனியில் இருந்த இடத்திலேயே கால் மாற்றி, உடம்பைச் சற்றே பின்னுக்குத் தளர்த்தி, எதிராளியின் பாரம் கையில் வந்து சேரும்வரை காத்திருப்பது. பயம் முதலில் தின்பது இதைத்தான். முதல்முறைக்காரர் ஐந்தையும் ஆறையும் விழுங்கிவிட்டு அடுத்த ஒன்றுக்குப் பாய்கிறார். ஃபாலோயர் இன்னும் பழைய ஆறில்தான் இருக்கிறார். ஒரே பாட்டுக்கு இருவரும் அடுத்தடுத்த ரயில்களில் பயணம் செய்கிறார்கள். வகுப்பில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை என்று இவர் பிற்பாடு சொல்வது பொய்யில்லை. வகுப்பில் பின்னாலிருந்து யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

மூன்றாவது பாட்டு வரும்போது அயிட்டம் செலவாகிவிட்டது, சட்டை நனைந்துவிட்டது, சாம்பியன்களிடம் எடுத்த குறிப்பு ஒன்றுகூட நினைவில் இல்லை. மிச்சமிருப்பது முதல் மாதம் கற்ற நாலு அடிதான். ஜோடியை அருகே வரவழைத்து மெல்லத் திருப்பி அனுப்பும் சுகர் புஷ், இடப்பக்கமாகக் கடத்திவிடுவது, மறுபடி சுகர் புஷ். இந்த ஃபாலோயர் அவசரப்படாதவர். பாட்டின் நடுவில் தாளக் கருவிகள் எல்லாம் திடீரென்று ஓய்ந்து, குரல் மட்டும் ஒரு சொல்லை இழுக்கும் இடம் ஒன்று வருகிறது. யாரும் யாருக்கும் சொல்லாமல் இருவரும் அங்கே நிற்கிறார்கள். தூக்கிய குதிகால் தூக்கியபடி. தாளம் விழுந்ததும் சேர்ந்தே இறங்குகிறார்கள். ஃபாலோயர் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறார். மொத்தம் நாலு விநாடி இருக்கும். அந்த நாலு விநாடியும் இவரைப் பார்க்க வேண்டிய நடுவர்கள் அனைவரும் வேறு ஜோடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவுப் பட்டியல் ஒட்டப்படும் சுவர் முன்னால் இவர் நடந்துகொள்ளும் விதம் தனியாகக் கவனிக்கத் தக்கது. 412 இருக்கிறது, 416 இருக்கிறது. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்க்கிறார். அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று ஃபாலோயர்கள் பட்டியலிலும் தேடுகிறார். பிற்பாடு மதிப்பெண் தாள் வெளியாகிறது. அடுத்த சுற்றுக்கு வேண்டும் என்றால் 10, வேண்டாம் என்றால் 0. நடுவே யோசனைக்கு உரியவர்களுக்கு 4.5, 4.3, 4.2 என்று மூன்று படி. நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தால்கூட அதை வரிசைப்படுத்தித்தான் சந்தேகப்பட வேண்டும். 414க்கு நேரே 0, 0, 4.2, 0, 10 என்றிருக்கிறது. அந்தப் பத்தைப் போட்டவர் நுட்பம் அறிந்தவர், இசை உள்ளம் கொண்டவர். மற்ற நால்வருக்கும் கண்ணாடி மாற்றும் காலம் வந்துவிட்டது. மாலையில் ஓட்டல் கூடத்தில் பத்துப் போட்டவரைக் கண்டதும் முதல்முறைக்காரர் நெருங்கிய உறவினரைப்போலச் சிரிக்கிறார். நடுவரும் சிரித்துவைக்கிறார், யாரென்று தெரியாமல்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழிக்காரிக்கு ஒரு கூடம்தான் இருந்தது. இவருக்குத் தளத்தின் பலகை இடுக்கு, பாட்டின் வேகம், ஜோடியின் கை, வரிசையில் நின்ற இடம், காலை சாப்பிட்ட முட்டை என்று கோணல்கள் கொட்டிக் கிடக்கின்றன. இதில் லீடர் இனத்துக்கும் ஃபாலோயர் இனத்துக்கும் சிறு வேறுபாடு உண்டு. லீடர், “அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை” என்பார். ஃபாலோயர், “அவர் எதையும் சொல்லவே இல்லை” என்பார். இரண்டு புகாரும் ஒரே ஒன்றரை நிமிடத்தைப் பற்றியவை.

தப்பித் தவறி இறுதிச் சுற்றுக்குப் போய்விடும் உட்பிரிவும் உண்டு; அரிது. இறுதியில் குலுக்கலில் கிடைத்த ஒரே ஜோடியோடு கடைசிவரை ஆட வேண்டும். அங்கே மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு நடுவரும் ஜோடிகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்த, பெரும்பான்மை எந்த இடத்தில் சேர்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கு புரிந்தவர்கள் குறைவு. புரிந்தவரிடம் விளக்கம் கேட்டால் இரவுச் சாப்பாடு போய்விடும். முன்னணி இடம் பிடித்தவர்களுக்குப் புள்ளி உண்டு. வேர்ல்டு ஸ்விங் டான்ஸ் கவுன்சில் அதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். நியூகமர், நாவிஸ், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, ஆல் ஸ்டார், சாம்பியன் என்று படி ஏறுவதற்கு அந்தப் புள்ளிகள்தான் ஏணி. ஒரு புள்ளி வாங்கிய முதல்முறைக்காரர் அந்தப் பதிவேட்டில் தன் பெயரைத் தினமும் ஒருமுறை தேடிப் பார்ப்பார், குறைந்துவிடவில்லை என்று உறுதிசெய்ய.

இரவு பத்து மணிக்குமேல் போட்டித் தளமே பொதுத் தளமாகிவிடுகிறது. விடியும்வரைகூட ஆட்டம் நடப்பதுண்டு. முதல்முறைக்காரர் ஒரு மணிவரை சுவரோரம் உட்கார்ந்து, நாளைக் காலையே ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று விமானச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பாட்டின் ஃபாலோயர் வந்து கையை நீட்டுகிறார். பாட்டு ஒன்றரை நிமிடத்தில் நிற்கவில்லை, முழுசாக ஓடுகிறது. ஐந்தும் ஆறும் திரும்பி வந்துவிட்டன. இரண்டரை மணிக்கு யாரோ ஒருவர், “உங்கள் முதுகில் இன்னும் எண் இருக்கிறது” என்று சொல்கிறார்.

ஒருமுறை எண்ணைக் கழற்றியவர் அதோடு இந்த வகையிலிருந்து நீங்கிவிடுகிறார். இரண்டாம்முறைக்காரர் வேறு இனம்: அவருக்கு நடுவர்களின் பெயர் தெரியும், அயிட்டம் கிடையாது, பையில் சொந்த ஊக்கு இருக்கும்.