நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு

டைகாஸ்ட் என்பது உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கும் முறையாகும். சிறு கார்களுக்கு இவ்வாறு வார்க்கப்படுவது பெரும்பாலும், துத்தநாகத்துடன் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியமும் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்ந்த, ஸமாக் எனப்படும் கலவை. இம்முறையில் பிறந்த பந்தயக் கார் மாதிரிகளைச் சேகரிப்போர், அவற்றைப் பொம்மை என்பவரை எளிதில் மன்னிப்பதில்லை. குழந்தைகள் தொடக்கூடாதது என்பது அவர்கள் தரும் முதல் சான்று, அதை அவர்களுடைய குழந்தைகளும் உறுதிப்படுத்துவர்.

இத்துறையில் செல்வாக்குள்ள அளவு 1:43, அதாவது நிஜ வண்டியின் 43 மில்லிமீட்டர் மாதிரியில் 1 மில்லிமீட்டர். மோட்டார் பந்தயத்தோடு எவ்வித உறவுமற்ற இந்த எண், ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் விளையாட்டு ரயில்களிலிருந்து வந்ததாகும். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் அந்த ரயில்களுக்குத் துணையாக வார்த்த சிறு வண்டிகளே 1934-இல் டிங்கி டாய்ஸ் என்னும் பெயர் பெற்றன. ஆகவே ஃபெராரியின் பின் இறக்கைச் சாய்வை உருப்பெருக்கியில் ஆராயும் சேகரிப்பாளர், வம்சாவளிப்படி பார்த்தால், ரயிலடியில் சவாரிக்குக் காத்திருந்த வண்டி ஒன்றின் பேரனைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் போற்றி வருகிறார்.

நிஜத்துக்கு மாறான எதையும் பொறாத இவரது வைராக்கியம் உச்சத்தைத் தொடும் இடம் சிகரெட் விளம்பரமே. 1988-இல் நடந்த 16 ஃபார்முலா 1 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4, மார்ல்பரோவின் சிவப்பும் வெள்ளையும் பூசி ஓடியது. அதன் மாதிரிகளோ, புகையிலை விளம்பரச் சட்டங்களுக்கு அஞ்சி, பெரும்பாலும் அந்தப் பெயர் இன்றியே விற்பனைக்கு வந்தன. விடுபட்ட பெயரைச் சேகரிப்பாளர் டெக்கலாகத் தனியே வாங்குகிறார். டெக்கல் என்பது, நீரில் ஊறவைத்தபின் தாளிலிருந்து வழுக்கி வண்டியின்மேல் படியும் மெல்லிய அச்சுப்படலம். வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பற்றவைக்காதவர், மூச்சை அடக்கிக்கொண்டு, இடுக்கியின் முனையில் ஒரு சிகரெட் கம்பெனியின் பெயரை வண்டியின் பக்கத்தில் ஒட்டுகிறார். புகையிலை விளம்பரத்துக்குத் தடை இருந்த நாடுகளில் நிஜ வண்டிகளும் அப்பெயரின்றியே ஓடின என்று யாரேனும் எடுத்துச் சொன்னால், அவர் மனம் மாறுவதில்லை. விளம்பரமற்ற இன்னொரு வண்டியையும் வாங்குகிறார்.

இவ்வளவு பாடுபட்டு நிலைநாட்டிய உண்மை, கேமரா வந்ததும் ஆட்டங்காண்கிறது, ஏனெனில் வண்டியைச் சுருக்கியவர்கள் உலகத்தைச் சுருக்கவில்லை. தலைமுடி ஒன்றின் தடிப்பு சுமார் 0.07 மில்லிமீட்டர், 1:43 கணக்கில் அது ஓட்டுநர் இருக்கையின் குறுக்கே கிடக்கும் 3 மில்லிமீட்டர்க் கயிறு. மழையில் நனைந்த பந்தயத்தைக் காட்டத் தெளிக்கும் நீரும் ஒத்துழைப்பதில்லை, 2 மில்லிமீட்டர்த் துளி ஒவ்வொன்றும் எஞ்சின் மூடியின்மேல் சாத்துக்குடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மாதிரியின் உலகில் அது 4 செ.மீ.க்கும் குறைவு, அதற்குமேல் உயர்ந்த லென்ஸ் எதுவும் வண்டியை ஹெலிகாப்டரிலிருந்தே பார்க்கும். எனவே கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் லென்ஸ் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்த்தி, தாமும் மொட்டைமாடியில் குப்புறப் படுப்பது புகைப்படக்காரரின் வழக்கம். மேசை விளக்கின் நிழல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவருக்குச் சூரியன்தான் வேண்டும், சூரியன் இருக்கும் நேரத்தில் அண்டைவீட்டாரும் மாடியில் இருப்பர்.

பொருள் லென்ஸை நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் குறைந்துகொண்டே போவது மற்றோர் இடையூறு: வண்டியின் மூக்கு தெளிந்தால் பின்சக்கரம் மங்கும், மங்கியதைக் கண்ட மாத்திரத்தில் பார்ப்பவர் கண் அதைச் சிறியது என்று தீர்ப்பளித்துவிடும். ஒளி நுழையும் துளையைக் குறுக்குவது ஒரு மருந்து. தெளிவுப் புள்ளியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவது இன்னொன்று. அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித், எல்ஜின் பார்க் என்னும் கற்பனை ஊரை உருவாக்கியபோது 1:24 கார்களை மேசைமேல் நிறுத்தி, தொலைவில் நிற்கும் உண்மையான வீடுகளோடு அளவு பொருந்தும்படி மேசையையே நகர்த்தினார், அதற்குச் சாதாரணக் கேமராவே அவருக்குப் போதுமாயிருந்தது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்க வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்போர் இச்செய்தியை வீட்டில் சொல்வதில்லை.

சேகரிப்பாளரும் புகைப்படக்காரரும் ஓருடலில் குடியிருப்பதால் எழும் வழக்குகள் தனி. பெட்டியைத் திறந்தால் மதிப்புக் குறையும் என்பார் முன்னவர். திறக்காத பெட்டியை எப்படிப் படமெடுப்பது என்பார் பின்னவர். இருவரும் உடன்பட்டு, பருத்திக் கையுறை அணிந்து, உள்ளிருக்கும் திருகுகளைக் கழற்றி, மாலை முழுதும் உழைத்து, பந்தயத்தளத்தில் நிஜ வண்டியே நிற்பதாக நம்பவைக்கும் படம் ஒன்றை எடுத்து முடிக்கின்றனர். இட நெருக்கடியால் அவ்வண்டியை விற்க நேரும் நாளில் அந்தப் படம் பயன்படுவதில்லை. வாங்குபவர் அளவு தெரியவேண்டும் என்று கேட்க, பக்கத்தில் ஒரு யூரோ நாணயத்தை வைத்து மறுபடியும் எடுக்கவேண்டியிருக்கிறது, 23.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த நாணயம் வண்டியின் கணக்கில் ஒரு மீட்டர் அகலம், பின்சக்கரத்தைவிடப் பெரியது.