பூச்சி பிடிக்கும் அப்பா

மகள் பி.எஸ்சி. அக்ரி சேர்ந்திருக்கிறாள் என்றதும் என் பெரிய மச்சான் துக்கம் விசாரிக்கும் குரலில், "ஏன் மாப்ளே, மெடிக்கல் கிடைக்கலியா?" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவள் சேர்ந்த கல்லூரி 1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அத்தனை வருசம் பாடம் நடத்தியும் இந்தத் தக்காளி விலை திருந்தலியே" என்றார்.

சரி, அவர் அப்படித்தான். பூச்சியியல் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். பூச்சிகளைப் பிடித்து, வகை பிரித்து, பெட்டிக்குள் ஊசியில் குத்தி, பேரெழுதி ஒட்டி ஒப்படைக்க வேண்டும். படிப்பது அவள்தான். ஆனால் ராத்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொசுவலையில் தைத்த பையைக் குச்சியில் மாட்டி, தெருவிளக்கடியில் துள்ளிக்கொண்டிருந்தவன் நான். எதிர்வீட்டுக்காரர் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். "ஏனுங்க, வீட்ல எல்லாம் சௌக்கியந்தானுங்களே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிடித்தால் மட்டும் போதுமா? வண்டு என்றால் வலது பக்க முன்னிறக்கையில் ஊசி இறங்க வேண்டுமாம். வெட்டுக்கிளிக்கு வேறு இடம். வண்ணத்துப்பூச்சி என்றால் பலகையில் வைத்து, இறக்கையை விரித்து, காகிதப் பட்டை போட்டு நிறுத்தி, காய்கிறவரை மின்விசிறி போடாமல் குடும்பமே வேர்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்பா, இது இடது பக்கம்" என்று நான் குத்திய வண்டைத் தூக்கிக் காட்டினாள். அதன்பிறகு எனக்குப் பாச்சை உருண்டை போடும் வேலையோடு சரி. குளிர்பெட்டியில் டிபன் டப்பாவைத் திறந்த என் மாமியார், தோசைக்குச் சட்னி தேடியவர், அன்று முழுக்கப் பச்சைத்தண்ணி குடிக்கவில்லை. அந்தப் பழியும் எனக்குத்தான் வந்தது. மாமியார் பேத்தியைத் திட்டி எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மொட்டைமாடியில் நான் தக்காளி வளர்க்கிறேன். வளர்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்களின் அடியெல்லாம் கறுத்து அழுகியது. பூச்சிதான் என்று வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து, செடிக்குப் பாதி, எனக்குப் பாதி என்று அடித்தேன். லீவுக்கு வந்தவள் ஒரு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பூச்சியும் இல்ல, நோயும் இல்லப்பா. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரல. ஒருநாள் குடங்குடமா ஊத்துறே, அப்புறம் நாலுநாள் எட்டிப் பாக்கறதே இல்ல. தண்ணி சீரா இருந்தாத்தான் சத்து மேலே ஏறும்" என்றாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி, "கல்யாணமானதிலிருந்து நானும் அதையேதான் சொல்றேன்" என்றாள். அவள் தக்காளியைச் சொல்லவில்லை என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

இதற்கிடையில் பெரிய மச்சானின் தென்னையில் வெள்ளை ஈ. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டை, மேலே கரும்பூசணம். இப்போது அவர் விடியற்காலையில் போன் செய்கிறார். நான் எடுத்தால், "உன்கிட்ட இல்ல மாப்ளே, டாக்டரம்மாகிட்டக் குடு" என்கிறார்.

கடைசி வருசம் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும். போன வாரம் அங்கிருந்து பேசினாள், குரலே இறங்கியிருந்தது. நடவுக்கு இறங்கியிருக்கிறாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா இவள் நட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, "ஏங்கண்ணு, நாத்து நடறியா, பொணம் பொதைக்கிறியா? இம்புட்டு ஆழத்துல வச்சா எப்படித் தூர் கட்டும்?" என்றாராம். மேலாக நட்டால்தான் தூர் வெடிக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். கைக்குத்தான் அது எட்டவில்லை.

"அடடா, அப்படியா சொல்லிட்டாங்க" என்று வருத்தமாகத்தான் கேட்டேன். போனை வைத்ததும் அந்த அம்மாவுக்குப் பொங்கலுக்கு ஒரு புடவை எடுத்து அனுப்பலாமா என்று மனைவியிடம் கேட்டேன். நல்லதாகவே எடுக்கச் சொன்னாள்.