சட்டைப்பை ஓவியர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் கிழக்கு மாட வீதிப் பக்கம் போனால் அவரைப் பார்த்துவிடலாம். ஐம்பதைத் தொட்ட வயது, துணித்தொப்பி, முழங்காலோடு நின்றுவிட்ட கால்சட்டை. மேல்சட்டை மட்டும் இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். பையில் இருக்கும் ஸ்கெட்ச் நோட்டு செய்கிற வேலை அது. அளவென்னவோ நம் தபால் கார்டு அளவுதான், 14-க்கு 9 சென்டிமீட்டர். ஆனால் தாள் கனமானது, 200 ஜிஎஸ்எம்.

நோட்டைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்துவிடாதீர்கள். "வான்காவும் பிக்காசோவும் வைத்திருந்த நோட்டு சார் இது" என்று ஆரம்பிப்பார். வான்கா இறந்தது 1890-ல். இவர் பையில் இருக்கும் மோல்ஸ்கின் பிராண்டு இத்தாலியில் பிறந்தது 1997-ல். இதைச் சொன்னால், "அந்த மாதிரி நோட்டு" என்று ஒரு படி இறங்குவார். அதற்குமேல் இறங்கமாட்டார்.

வலப் பையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய வண்ணப்பெட்டி, பன்னிரண்டு கட்டி. கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் தூரிகை. நனைந்தாலும் கரையாத மை போட்ட பேனா மூன்று. இவ்வளவும் வாங்கிய பிறகு, வரைவது ஒன்றுதான் பாக்கி.

கபாலீஸ்வரர் கோயில் ராஜகோபுரத்துக்கு ஏழு நிலை. உயரம் 120 அடி. நம்மவர் முதல் நிலையில் உள்ள ஒவ்வொரு பொம்மைக்கும் மூக்கு, முழி, நகை எல்லாம் வைத்து முக்கால் மணி நேரம் இழைப்பார். நாலாவது நிலைக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். ஐந்தாவதில் தாள் தீர்ந்துவிடும். பின்னால் நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த பூக்கார அம்மா கேட்பார்: "ஏன் சார், கலசத்தைக் காணோமே?"

"அது அடுத்த பக்கத்துல வரும்மா."

சென்னை வெயிலில் தொப்பி தடுக்காத ஒரு சொட்டு வியர்வை, அப்போதுதான் பூசிய நீல வானத்தில் விழும். நீலம் விலகி வெள்ளையாக ஒரு வட்டம் பூக்கும். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். மேகமாம்.

வேடிக்கை பார்க்கிறவர்களைச் சமாளிப்பதுதான் இந்தக் கலையில் பாதி. நம் ஊரில் ஒரு மனுஷன் தெருவில் நின்று வீட்டைப் பார்ப்பதும் நோட்டில் கோடு போடுவதுமாக இருந்தால், ஓவியர் என்ற எண்ணம் யாருக்கும் கடைசியில்தான் வரும். "கார்ப்பரேஷனா சார்? திண்ணைய இடிக்கப் போறாங்களா?" "மெட்ரோவா சார், எங்க வீடும் போகுதா?" ஒரு பெரியவர் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுக்குமாடிக் காவலாளி இன்னும் கறார்: "இங்க போட்டோ எடுக்கக் கூடாது." "போட்டோ இல்லப்பா, வரையறேன்." "அதுவும் கூடாது." கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்த பிறகு, "சரி, என்னைப் போடுங்க. மீசை மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

பரம்பரையைச் சொல்வதிலும் குறை வைக்கமாட்டார். கோயில் கோயிலாகப் போய் நேரில் உட்கார்ந்து வரைந்த சில்பியை இழுப்பார். சியாட்டில் பத்திரிகைக்காரர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-ல் ஆரம்பித்த அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கத்தை இழுப்பார். நேரில் கண்டதை அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கொள்கை. நம்மவரும் அதைக் கடைப்பிடிக்கிறார்தான். கோபுரத்தை செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, மீதியைச் சாப்பாட்டு மேஜையில் முடிப்பார், அவ்வளவுதான்.

ஓவியர் டர்னர் விட்டுப்போன ஸ்கெட்ச் நோட்டுகள் கிட்டத்தட்ட 300, லண்டனில் டேட் காட்சியகத்தில் இருக்கின்றன. இவருடையவை ஏழு, பீரோவில் இருக்கின்றன. ஏழிலும் முதல் மூன்று பக்கம்தான் படம். அத்தனை விலை கொடுத்து வாங்கிய தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் நாலாம் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறது. உடனே புது நோட்டு.

இந்த வியாதிக்கு மருந்து கொடுத்தவர் வீட்டம்மாதான். "ஏங்க, இந்த நோட்டு நல்லா கெட்டியா இருக்கே, பால் கணக்கு எழுதிட்டேன்" என்றார் ஒருநாள். எட்டாவது நோட்டு, நாலாம் பக்கம். மனிதர் அன்றைக்கு மோர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்று கணக்குக்குப் பக்கத்திலேயே பால்காரரின் சைக்கிளைக் கிறுக்கினார். பத்து கோடுகூட இருக்காது. சக்கரம் முட்டை வடிவம். ஆனாலும் ஹேண்டில்பாரில் தொங்கும் பையின் கனம் தெரிகிறது. வண்டி ஒரு பக்கம் சாய்வது தெரிகிறது. ஏழு நோட்டுக் கோபுரங்களையும் ஒரு தட்டில் வைத்தாலும், என் ஓட்டு அந்த சைக்கிளுக்குத்தான். அவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அது ரஃப் சார்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

இப்போது அவருக்கு ஆள் வரையும் ஆசை வந்திருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், ஆட்கள் அசைகிறார்கள். கடைக்காரர் திரும்பிக்கொள்கிறார், பஸ் வந்ததும் பாட்டி ஏறிப் போய்விடுகிறார், ஒரு காது மட்டும் நோட்டில் மிஞ்சுகிறது. அதனால் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, தூங்குகிறவர்களாகப் பார்த்து எதிரே உட்காருகிறார்.

அவர் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்து, மெதுவாகப் பேனாவைத் திறந்தால், உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. தூக்கம் வராவிட்டாலும் திருவான்மியூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருங்கள். மீசை வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.