சைட்டேஷன் சார்

காலை ஒன்பது மணிக்கு எங்கள் பொறியியல் கல்லூரி நூலகத்தைத் திறந்தால் முதலில் நுழைகிறவர் புத்தகம் எடுக்க வருவதில்லை. ஜன்னலோரத்தில், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் அவருடையது என்று பதினைந்து வருடமாக யாரும் எழுதாத ஒப்பந்தம். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உட்காருவார். கூகுள் ஸ்காலரில் தன் பக்கம் திறக்கும்வரை கண்ணை மூடியிருப்பார். நேற்று 412. இன்றும் 412.

"நெட் ஸ்லோவா இருக்குதா தம்பி?"

நெட் நன்றாகத்தான் இருக்கும். நூலகர் என்ற முறையில் நான்தான் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் அவர் மனம் ஆறாது.

சிவில் துறைப் பேராசிரியர். பெயரைச் சொல்லலாம், பயனில்லை. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். மாணவர்கள் வைத்திருப்பது ‘சைட்டேஷன் சார்’. அவருடைய ஆய்வுக் கட்டுரையை உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ தன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட்டால், அது ஒரு சைட்டேஷன். அன்று கேன்டீனில் எல்லோருக்கும் டீ அவர் கணக்கு. குறிப்பிட்டவர் படித்துவிட்டுத்தான் குறிப்பிட்டாரா என்ற கேள்வி டீ குடிக்கிற யாருக்கும் எழுந்ததில்லை.

உங்களுக்கு வயது என்ன என்று கேட்டால் அந்தக் காலத்துப் பெரியவர்கள், "எந்த வயசு? ஜாதக வயசா, ஸ்கூல் சர்ட்டிபிகேட் வயசா?" என்பார்கள். சாருடைய எச்-இண்டெக்ஸும் அப்படித்தான். கூகுள் ஸ்காலரில் 11, ஸ்கோபஸில் 8, வெப் ஆஃப் சயின்ஸில் 3. கல்யாண வீட்டில் அறிமுகமாகிறவர்களுக்குப் பதினொன்று. அப்ரைசல் படிவத்தில் வேறு வழியில்லாமல் எட்டு. மூன்று என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த குடும்ப ரகசியம்.

இந்த எச்-இண்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற கலிஃபோர்னியா இயற்பியல் பேராசிரியர் கண்டுபிடித்தது. கட்டுரைகளை அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து வரிசையாக அடுக்கவேண்டும். பதினோராவது கட்டுரைக்குக் குறைந்தது பதினொரு மேற்கோள் இருந்து, பன்னிரண்டாவதற்குப் பன்னிரண்டு இல்லாவிட்டால் உங்கள் எண் பதினொன்று. ஒரே ஒரு கட்டுரை எழுதி அதைப் பத்தாயிரம் பேர் குறிப்பிட்டிருந்தால்? ஒன்று. இயற்பியலில் இணைப் பேராசிரியருக்குப் பன்னிரண்டும் பேராசிரியருக்குப் பதினெட்டும் இருக்கலாம் என்று ஹிர்ஷ் ஒரு மதிப்பும் சொல்லியிருந்தார். அதை ஒருநாள் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அது பிசிக்ஸுக்கு" என்றார் சார். "நமக்கு சிமெண்ட் க்யூப் காயவே இருபத்தெட்டு நாள் ஆகுது."

இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் கதையையும் சொன்னேன். 1964-இல் எழுதியதை வைத்து 2013-இல் நோபல் வாங்கினார். 1964-க்குப் பிறகு அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இந்தக் காலமாக இருந்தால் எனக்கு யாரும் வேலை கொடுத்திருக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார். சார் அதை மறுக்கவில்லை. "நம்ம மேனேஜ்மெண்ட் இன்க்ரிமெண்ட்டே போட்டிருக்காது" என்றார், கொஞ்சம் திருப்தியோடு.

சாருடைய தீராத வழக்கு இனிஷியலோடுதான். நமக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பெயர். வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். முதல் கட்டுரையில் இனிஷியலை முன்னால் போட்டார். அடுத்ததில் பத்திரிகைக்காரன் பின்னால் தள்ளினான். மூன்றாவதில் அப்பா பெயரை முழுதாக எழுதச் சொன்னார்கள், எழுதினார். விளைவு, ஸ்கோபஸில் சார் மூன்று ஆளாக வாழ்கிறார். அதில் ஒருவர் அவருடைய அப்பா. வாழ்நாள் முழுக்க மளிகைக் கடையில் புளி நிறுத்த மனுஷருக்குக் கான்கிரீட்டில் இருபத்தாறு மேற்கோள். "அப்பாவுக்குத் திதி கொடுக்கறேன், எள்ளு தண்ணி இறைக்கறேன், அதுக்கு மேல இதையும் கொடுக்கணுமா?" என்று, மூவரையும் ஒன்றாக மெர்ஜ் பண்ணச் சொல்லி சார் ஸ்கோபஸுக்கு எழுதிய மடல்களுக்குக் கணக்கில்லை. எதிர்த்திசையிலும் நடந்தது. அதே பெயரும் இனிஷியலும் உடைய எங்கேயோ ஒரு கால்நடை மருத்துவரின் ஆட்டம்மைக் கட்டுரையை கூகுள் சாருடைய பக்கத்தில் சேர்த்துவிட்டது. அதற்கு நாற்பது மேற்கோள். எடுத்துவிடச் சொன்னேன்.

"தானா வந்த லட்சுமி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஒரு வருஷம் இருந்தது.

பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டு பேசும், திரும்பச் செய்யாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. சாரிடமும் நோட்டு உண்டு. எக்ஸெல் ஷீட், பச்சையில் வரவு, சிவப்பில் செலவு. ஈரோட்டுக் கல்லூரி நண்பர் நான்கு மேற்கோள் வைத்தார் என்றால் இவர் அடுத்த கட்டுரையின் முன்னுரையில் நான்கையும் திருப்புவார். பொருத்தம் இல்லாவிட்டாலும் ‘அண்மைக் காலத்தில் பலரும்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குள் ஒரு குடும்பமே உட்காரலாம். வாங்கிவிட்டுத் திருப்பாதவர்கள் பெயருக்கு நேரே மஞ்சள். பிஎச்.டி. மாணவர்கள் மொய்யில் சேர்த்தி இல்லை; அவர்கள் வீட்டு ஆட்கள், பந்தி பரிமாறவேண்டும். யாராவது தங்கள் கட்டுரையை மதிப்பிடச் சொல்லி இவரிடம் அனுப்பிவிட்டால் போயிற்று. ‘கீழ்க்கண்ட ஐந்து முக்கியமான ஆய்வுகளை ஆசிரியர்கள் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள்’ என்று எழுதுவார். ஐந்தும் யாருடையவை என்று சொல்லவேண்டியதில்லை.

இவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டுவந்தபோது, ஒரு யோசனை எங்கே பிறந்து எங்கெல்லாம் போயிற்று என்று தேடிப் பிடிக்கத்தான் அது பயன்பட்டது. தேடுவதற்குக் கொடுத்த டார்ச்சைப் பிறகு எல்லோரும் தராசாக்கிவிட்டார்கள். கல்லூரிகளுக்கு என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-இல் வந்தது, அதிலும் மேற்கோளுக்கு மதிப்பெண். அன்றிலிருந்து பிரின்சிபால் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதில்லை, "ஸ்கோபஸ் எத்தனை?" என்கிறார்.

போன வருஷம் வேதியியல் துறை ஆள் ஒருவர் ‘உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் வந்துவிட்டார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் கணக்கை வைத்து வருடாவருடம் வெளியிடுவது. மெயின் கேட்டில் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ். நீல வானம், சுழலும் பூமி, நடுவில் கோட் போட்ட வேதியியல், மேலே தாளாளர், அவர் அப்பா, அவர் தாத்தா. சார் ஒரு மாதம் பின் கேட் வழியாக வந்தார்.

அவரைத் தேற்றலாம் என்று நினைத்துப் பூனைக் கதை சொன்னேன். மிச்சிகனில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் கட்டுரை முழுக்க ‘நாங்கள்’ என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதக்கூடாது என்று யாரோ சொல்ல, திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டுத் தன் சயாமியப் பூனைக்கு எஃப்.டி.சி. வில்லார்ட் என்று பெயர் சூட்டி இணை ஆசிரியராக்கிவிட்டார். 1975-இல் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் அச்சானது. அதைத் தோற்கடிக்க 2024-இல் அமெரிக்காவில் லாரி என்ற இன்னொரு பூனை. இரண்டு ஆய்வாளர்கள் அதன் பெயரில் அர்த்தமில்லாத பன்னிரண்டு கட்டுரைகளை உருவாக்கி, அவற்றைக் குறிப்பிடுவதற்கென்றே வேறு கட்டுரைகளையும் உருவாக்கி இணையத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலர் நூற்று முப்பத்திரண்டு மேற்கோள் என்று எண்ணிக் கொடுத்தது. எச்-இண்டெக்ஸ் பதினொன்று.

சொல்லி முடித்த பிறகுதான் எண் உறைத்தது. சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பூனைக்கு இனிஷியல் பிரச்சினை இல்ல, பாத்தீங்களா" என்றார் கடைசியில்.

இந்த ஜூலையில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, பொள்ளாச்சிப் பக்கம் ஊர், என் மேஜைக்கு வந்து தேங்காய் நார் போட்ட கான்கிரீட்டைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். பின்னறையில் பழைய கருத்தரங்கத் தொகுதிகள் உண்டு. எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாதவை. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆனவர். புத்தகம் புழங்கத்தான் என்பதை 1931-லேயே முதல் விதியாக வைத்தார். அவர் படத்துக்குக் கீழேதான் அந்த அலமாரி. சாவி எங்கே என்று அரைமணி தேடினேன். 2003-ஆம் ஆண்டுத் தொகுதி ஒன்றில் ஆறு பக்கக் கட்டுரை இருந்தது. சார் எம்.இ. படித்தபோது எழுதியது. ஜன்னலோரத்தைக் காட்டினேன்.

"சார், இந்த நாரை ஊற வெச்சுக் கழுவிப் போட்டா விரிசல் குறையுமுன்னு எழுதியிருக்கீங்க. மாட்டு மூத்திரம் பட்டா நார் தாங்குங்களா சார்?"

சார் திரையிலிருந்து திரும்பினார். அந்தக் கட்டுரையைப் பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கும். வாங்கி, தடவிப் பார்த்தார்.

"அதை நாங்க டெஸ்ட் பண்ணலையேம்மா" என்றார். பிறகு என் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தைக் கேட்காமலே கிழித்து, நார் எத்தனை அங்குலம், எவ்வளவு விகிதம், வாட்டம் எந்தப் பக்கம், மேலே எந்தப் பூச்சு என்று படம் போட ஆரம்பித்தார். மதிய மணி அடித்தது, அவருக்கு வகுப்பு இருந்தது, போகவில்லை. கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோனதையும் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து அவள் தாளை மடித்தபோதுதான் பழைய ஆள் திரும்பினார்.

"இதை எந்த ஜர்னலுக்கும்மா எழுதப்போறே?"

"ஜர்னல் இல்லீங்க சார். எங்கப்பா மாட்டுக் கொட்டாயிக்குத் தரை போடறாருங்க."

சார் சற்று நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"சரி. காங்கிரீட் ஈரமா இருக்கறப்ப ஓரத்துல ஒரு ஆணியால எம் பேரை எழுதிவிடச் சொல்லு. வருஷமும் போடச் சொல்லு."

"சரிங்க சார். இனிஷியல் முன்னாடிங்களா, பின்னாடிங்களா?"

"பின்னாடி" என்றார். "அப்பத்தான் மெர்ஜ் பண்ண வசதி."